யோபுவின் சிநேகிதர்கள்

நம்முடைய கிறிஸ்தவ வீடுகளில் சாவு நேர்ந்தால் அச்சடிக்கிற கறுப்புக் கரை போட்ட அட்டையைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு சிலுவை. அதன் கீழே, கொடுத்தவரும் கடவுள், எடுத்துக்கொண்டவரும் கடவுள், அவருக்கே தோத்திரம் என்னும் பொருளில் யோபு சொன்ன வாக்கியம். அதற்கும் கீழேதான் இறந்தவரின் பெயர்.

யோபுவின் புத்தகத்தில் 42 அதிகாரங்கள் இருக்கின்றன. அட்டையில் போடுகிற வாக்கியம் முதல் அதிகாரத்தில் வருகிறது. மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். தாயின் வயிற்றிலேயே செத்துப் போயிருக்கக் கூடாதா என்று கதறுகிறார். அதற்குப் பிறகு, முப்பத்தோராம் அதிகாரம் வரைக்கும், கடவுளை விட்டுவிடாமல் வழக்காடுகிறார். அந்த மூன்றாம் அதிகாரத்திலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துச் சாவு அட்டையில் அச்சடித்த வீட்டை நான் இதுவரை கண்டதில்லை. அச்சடித்தால் சபையார் சும்மா இருப்பார்களா? விசுவாசத்தில் குறைந்த குடும்பம் என்று பேசுவார்கள்.

வேதத்தை முதல் பக்கத்தோடு மூடி வைத்துவிட்ட இந்தப் பழக்கத்தின் மேல்தான் எனக்குக் கோபம். 'கடவுள் ஏன் துன்பத்தை அனுமதிக்கிறார்?' என்று கேட்டுப் பாருங்கள். நம்மவர்களிடம் பதில் தயாராக இருக்கும். பாவத்துக்குத் தண்டனை என்பார் ஒருவர். விசுவாசத்துக்குச் சோதனை என்பார் மற்றொருவர். பொன்னைப் புடம் போடுகிறார் என்பார் மூன்றாமவர். அவருடைய திட்டம் நமக்குத் தெரியாது என்பார் நாலாமவர். தெரியாது என்று சொல்லிய வாயாலேயே அந்தத் திட்டத்தை விவரிக்கவும் தொடங்கிவிடுவார். இவர்களில் எவராவது தம்முடைய சொந்த வயிற்றுவலிக்கு இந்த வியாக்கியானத்தைச் சொல்லிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தது உண்டா? இல்லை. அன்றைக்கே வைத்தியரிடம் ஓடியிருப்பார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்?

யோபுவின் கதை நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பொறுமைக்கு உதாரணம் யோபு என்று சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள், அதோடு சரி. ஒரே நாளில் மாடும் கழுதையும் போயின, ஆடும் ஒட்டகமும் போயின, வேலைக்காரர்கள் மாண்டார்கள், கடைசியில் வீடு இடிந்து விழுந்து 7 மகன்களும் 3 மகள்களும் மடிந்தார்கள். பிறகு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை புண். ஓட்டாஞ்சில்லை எடுத்துச் சுரண்டிக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார் மனிதர். அவரைப் பார்க்க மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள்: எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். வந்தவர்கள் தூரத்திலிருந்து பார்த்தபோது அவரை அடையாளம் தெரியாமல் வாய்விட்டு அழுதார்கள். அவரோடு தரையில் உட்கார்ந்து 7 பகலும் 7 இரவும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். அந்த ஏழு நாட்களுக்காக அவர்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள். குற்றமற்றவன் எங்கேயாவது அழிந்தது உண்டா, யோசித்துப் பார் என்றான் எலிப்பாஸ். உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்குரியதைப் பெற்றார்கள் என்றான் பில்தாத். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனிடம்! உனக்கு வரவேண்டிய தண்டனையில் பாதிதான் வந்திருக்கிறது, அதற்காக நன்றி சொல் என்கிற பாவனையில் பேசினான் சோப்பார். அவர்கள் அயோக்கியர்கள் அல்லர். படித்தவர்கள், பக்திமான்கள், கடவுளுக்காக வக்காலத்து வாங்கிப் பேசினவர்கள். அவர்களுடைய பேச்சை எல்லாம் பிரதி எடுத்து, பெயரை மட்டும் மறைத்து, நம் பிரசங்கிமார்களிடம் கொடுத்துப் பாருங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் நின்று அப்படியே வாசித்துவிடுவார்கள். சபையாரும் 'ஆமென்' சொல்லுவார்கள்.

38-ஆம் அதிகாரத்தில் பெருங்காற்றிலிருந்து கடவுள் பேசுகிறார். நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுகிறார், கடலைப் பற்றி, வரையாட்டைப் பற்றி, தீக்கோழியைப் பற்றி, போர்க்குதிரையைப் பற்றி எல்லாம் பேசுகிறார். 'உனக்கு ஏன் இது வந்தது' என்பதைப் பற்றி மட்டும் ஒரு சொல்கூட இல்லை. வாசிக்கிற நமக்கு முதல் அதிகாரத்திலேயே தெரிந்துபோன சாத்தானுடைய வழக்கை யோபுவுக்குக் கடைசிவரையில் கடவுள் சொல்லவே இல்லை. ஆனால் தீர்ப்பு ஒன்று சொல்லுகிறார். எலிப்பாஸைப் பெயர் சொல்லி அழைத்து, உன்மேலும் உன் சிநேகிதர் இருவர்மேலும் எனக்குக் கோபம், என் ஊழியன் யோபு என்னைப் பற்றிப் பேசினதுபோல நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். 7 காளைகளும் 7 ஆட்டுக்கடாக்களும் பலியிடச் சொல்லி, யோபுவிடமே போய் ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்கவும் அனுப்புகிறார்.

இதை நன்றாக யோசிக்க வேண்டும். கடவுளைத் திட்டினவன் சரியாகப் பேசினான். கடவுளைத் தாங்கிப் பேசினவர்கள் குற்றவாளிகள். தீர்ப்புச் சொன்னவர் நாத்திகர் அல்லர். வழக்கில் சம்பந்தப்பட்ட கடவுளே!

இந்த இடத்தில் இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். யோபுவின் மனைவி. பத்துப் பேரையும் வயிற்றில் சுமந்தவள் அவள். மூலத்தில் அவளுக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு வசனம். அதற்காக அவளை இன்றைக்கு வரைக்கும் பீடத்திலிருந்து வைதுகொண்டிருக்கிறார்கள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்புச் செய்த யாரோ ஒரு புண்ணியவான் மட்டும் அவளுக்காக இரங்கி, அவள் பட்ட பாட்டையும் சேர்த்துக் கொஞ்சம் நீண்ட பேச்சாகக் கொடுத்திருக்கிறான். அவன் குடும்பஸ்தனாக இருந்திருக்க வேண்டும். முடிவில் யோபுவுக்கு ஆடுமாடுகள் இரட்டிப்பாகக் கிடைத்தன, பிள்ளைகள் மறுபடியும் பத்துப் பேர் பிறந்தார்கள் என்று சுபம் போடுகிறது கதை. செத்த பத்துக்குப் பிறந்த பத்து ஈடு என்று கணக்குப் பார்ப்பவன் பிள்ளை பெறாதவன் என்பது என் அபிப்பிராயம்.

சரி, அது பழைய ஏற்பாடு என்பீர்கள். புதிய ஏற்பாட்டுக்கு வாருங்கள். பிறவிக் குருடன் ஒருவன் வழியில் உட்கார்ந்திருக்கிறான். இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். எலிப்பாஸின் பேரன்மார்கள்! இயேசு இரண்டையும் மறுக்கிறார். கடவுளுடைய செயல் இவனிடத்தில் வெளிப்படுவதற்காக என்று ஒரு வார்த்தை சொல்லுகிறார். அதைப் பிடித்துக்கொண்டு, 'பார்த்தீர்களா, விளக்கம் இருக்கிறது' என்று துள்ளுகிறவர்கள் அடுத்த வசனத்தை வாசிப்பதில்லை. பகல் இருக்கும்போதே வேலை செய்துவிட வேண்டும், இரவு வந்தால் முடியாது என்பது அங்கே அவர் சொல்லுவதன் சாரம். சொல்லிவிட்டு மண்ணில் துப்பிச் சேறு குழைத்து அவன் கண்ணில் பூசுகிறார். விவாதம் அங்கே முடிந்துபோயிற்று.

இன்னொரு சமயம் சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் இருந்த மற்ற எல்லோரையும்விட அந்தப் பதினெட்டுப் பேர் அதிகக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொன்னார். லூக்கா 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஆண்டவரே இல்லை என்று சொன்னதை ஆமாம் என்று சொல்ல நமக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது?

ஒரு துக்க வீட்டில் நான் கண்டதைச் சொல்லுகிறேன். ஒன்பது வயதுப் பையன். டெங்குக் காய்ச்சலில் ஐந்தே நாளில் போய்விட்டான். அடக்கம் முடிந்து மறுநாள் சாயங்காலம் ஜெபக் கூட்டம். பிரசங்கம் செய்ய வந்தவர் நல்ல குரல் படைத்தவர். தோட்டக்காரன் எப்போதும் தோட்டத்திலுள்ள அழகான பூவைத்தான் முதலில் பறிப்பான் என்று நயமாகச் சொன்னார். இரண்டு நாளாக வாய் திறக்காமல் சுவரில் சாய்ந்திருந்த தாய் நிமிர்ந்து, 'ஐயா, உங்கள் வீட்டில் பூ இல்லையா?' என்று கேட்டாள். கூட்டம் உறைந்துபோயிற்று. 'பாவம், புத்தி கலங்கிவிட்டது' என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கென்னவோ அந்த வீட்டில் அப்போது புத்தி தெளிவாக இருந்தவள் அவள் ஒருத்திதான் என்று தோன்றிற்று.

அந்தத் தெருக்கோடியில் மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதை மூடித் தரவேண்டும் என்று தெருக்காரர்கள் மனுக் கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. தேங்கி நிற்கிற நல்ல தண்ணீரைத்தான் தேடிப் போகும். அன்றைய ஜெபக் கூட்டத்தில் தோட்டக்காரனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசப்பட்டது. தொட்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

'ஐயா, துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏதோ ஆறுதலாக நாலு வார்த்தை. அதில் என்ன கெடுதல் வந்துவிட்டது?' என்று சாதுவான வாசகர்கள் கேட்கலாம். கெடுதல் அந்தத் தொட்டிதான். காரணம் மேலே இருக்கிறது என்று ஒருவனை நம்பவைத்துவிட்டால் அவன் கீழே குனிந்து பார்க்கமாட்டான்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள வியாதி என்று எண்ண வேண்டாம். 1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி, சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று காலையில், கோயில்களெல்லாம் ஜனங்களால் நிரம்பியிருந்த வேளையில், போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனைப் பூகம்பம் அடித்தது. கூரைகள் ஜெபம் செய்துகொண்டிருந்தவர்கள் தலையில் விழுந்தன. தப்பி ஆற்றங்கரைக்கு ஓடினவர்களைக் கடல் எழும்பி வந்து வாரிக்கொண்டது. மிஞ்சின நகரம் நாட்கணக்கில் எரிந்தது. புராட்டஸ்டண்டு நாடுகளில் கத்தோலிக்கர்களுக்குக் கிடைத்த தண்டனை என்றார்கள். லிஸ்பனிலோ, கபிரியேல் மலகிரீதா என்ற சேசு சபைக் குரு, நகரத்தாருடைய பாவமே காரணம், இயற்கைக் காரணம் பேசுவது தெய்வ நிந்தை என்று 1756-இல் சிறு புத்தகம் எழுதி வெளியிட்டார். ஜனங்கள் கொட்டகை போடுவதையும் கட்டடம் கட்டுவதையும்விடத் தவத்திலும் தியானத்திலும் இறங்க வேண்டும் என்பது அவர் கட்சி. மந்திரி பொம்பாலோ பிணங்களை அடக்கம் செய்யவும் பிழைத்தவர்களுக்குச் சோறு போடவும் ஏற்பாடு செய்துவிட்டு, நாட்டின் பங்குகளுக்கெல்லாம் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார்: ஆட்டம் எவ்வளவு நேரம் இருந்தது, எத்தனை முறை வந்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, எத்தனை வீடு விழுந்தது. பூகம்ப சாஸ்திரத்தின் ஆரம்பங்களில் ஒன்று அந்தக் கேள்வித்தாள். வீடுகளுக்குள் மரச்சட்டக் கூண்டு வைத்துக் கட்டும் முறையும் அப்போது வந்தது. பொம்பால் நல்ல மனிதர் அல்லர். அந்தக் கிழக் குருவை மதவிசாரணை மன்றத்தின் கையில் சிக்கவைத்து, 1761-இல் கழுத்தை நெரித்துக் கொன்று எரிக்கும்படி செய்த கொடியவர். ஆனால் அடுத்த பூகம்பத்தில் ஒரு குழந்தை பிழைக்குமானால், அது அவர் கேட்ட கேள்விகளால் பிழைக்கும். மலகிரீதா சொன்ன பதிலால் பிழைக்காது.

நம் கரையிலும் 2004 டிசம்பர் 26-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், வேளாங்கண்ணிக்கு யாத்திரை வந்தவர்களைக் கடல் கொண்டுபோயிற்று. கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, அது அற்புதம் என்று அப்போது பலர் பேசினார்கள். கோயிலுக்கு வெளியே நின்றவர்களும் அந்தத் தாயைத் தேடி வந்தவர்கள்தாமே! இப்படிப் பேசுகிறவர்கள் கடவுளைப் புகழ்கிறோம் என்று நினைக்கிறார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறோம் என்று தெரிவதில்லை.

ஆனால் மற்ற எல்லா நோயையும்விட, எல்லா விபத்தையும்விட, யோபுவின் சிநேகிதர்கள் அதிகமாக விளையாடின இடம் குஷ்டரோகம். இன்று தொழுநோய் என்கிறோம். இந்து, கிறிஸ்தவன், முஸ்லிம் என்ற வேறுபாடு இல்லாமல், கடவுள் கொடுத்த சாபம் என்று முத்திரை குத்தப்பட்ட வியாதி அது. நம்மவர்கள் லேவியராகமத்தைக் காட்டினார்கள். அங்கே சொல்லப்படுகிற 'குஷ்டம்' துணியிலும் வரும், வீட்டுச் சுவரிலும் வரும் என்று அதே புத்தகத்தின் 13, 14-ஆம் அதிகாரங்கள் சொல்லுகின்றன. சுவருக்கு வருகிற வியாதியும் மனிதனுக்கு வருகிற இந்த வியாதியும் ஒன்றாக இருக்க முடியுமா என்று எவனும் கேட்கவில்லை. நார்வே நாட்டு ஹான்சன் 1873-இல் இதன் கிருமியையே கண்டு சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் ஊருக்கு வெளியே துரத்துவது நிற்கவில்லை.

கிருமி தெரிந்த பிறகும் ஒரு மூடநம்பிக்கை, அதுவும் வைத்தியர்களிடத்திலேயே, இருந்தது. குஷ்டரோகியின் சதை தானாக அழுகுகிறது, விரல்கள் தானாக உதிர்கின்றன, ஆகவே அந்தக் கையைச் செப்பனிட முயல்வது வீண் என்பது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார் பால் பிராண்ட் என்ற அறுவை வைத்தியர். வெள்ளைக்காரர் என்றாலும் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-இல், மிஷனரித் தாய்தகப்பனுக்கு. செங்கற்பட்டுக் குஷ்டரோக ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனவர், விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்துபோன ஒரு நோயாளியிடம், 'என் கையைப் பிடித்து அழுத்து' என்றார். வாழைத்தண்டுபோல இருக்கும் என்று எதிர்பார்த்த பிடி இரும்பாக இருந்தது. வலி தாங்காமல் கையை உதறிக்கொண்டார். செத்துப்போன கைக்கு இந்தப் பலம் எங்கிருந்து வரும்? அங்கே தொடங்கிற்று ஆராய்ச்சி.

அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: சதை அழுகவில்லை. கிருமி நரம்பைத் தாக்குகிறது. நரம்பு செத்தால் வலி தெரிவதில்லை. வலி தெரியாதவன் கொதிக்கிற பானையை வெறும் கையால் இறக்குகிறான், ஆணியை மிதித்துக்கொண்டே ஒரு மைல் நடக்கிறான், துருப்பிடித்த பூட்டில் சாவியை எலும்பு தெரியும் வரைக்கும் திருகுகிறான். புண் சீழ் வைக்கிறது, எலும்பு தேய்கிறது, விரல் குட்டையாகிறது. ராத்திரியில் படுக்கும்போது இருந்த விரல் காலையில் இல்லாமல் போன விசித்திரத்தையும் துப்பறிந்தார்கள். எலி! தூங்குகிறவனின் விரலை எலி கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அவனுக்கோ தூக்கம் கலையவில்லை. அதன் பிறகு ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு பூனையைக் கொடுத்தனுப்பினார்கள்.

நூற்றாண்டு நூற்றாண்டாகக் கடவுளின் கோபம் என்று சொல்லப்பட்டு வந்ததில் ஒரு பங்கு எலியின் வேலையாக இருந்தது. மருந்தாகிய பூனை ஒவ்வொரு தெருவிலும் திரிந்துகொண்டுதான் இருந்தது. விளக்கம் கையில் இருந்தபடியால் ஒருவரும் ராத்திரி கண்விழித்துப் பார்க்கவில்லை.

பிராண்ட், முன்கையிலிருந்து உயிருள்ள தசைநாரை எடுத்து விரல்களுக்கு மாற்றிக் கட்டி, மடங்கிய கையை நிமிர்த்தினார். காலில் புண் வராமலிருக்க மெத்தென்ற ரப்பரில் அடிபோட்ட செருப்புகள் செய்யப்பட்டன. எம்.சி.ஆர். செருப்பு என்று பிற்காலத்தில் நம் கிராமத்து ஆஸ்பத்திரிகளிலெல்லாம் கொடுத்தார்களே, அதேதான். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்று நோயாளிகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். காலே வந்து சொல்லாதபடியால் கண்தான் பார்த்தாக வேண்டும்.

இதோடு நின்றிருந்தால் நானும் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். யோபுவின் சிநேகிதர்களுக்குச் சாவே கிடையாது. பழைய விளக்கம் போனால் புதிய விளக்கத்தோடு வந்துவிடுவார்கள். வலி என்பது யாருக்கும் வேண்டாத ஒரு வரம் என்று பிராண்ட் சொன்னார். 1993-இல் அந்தப் பொருளில் ஒரு புத்தகமும் வெளிவந்தது. வலியை இழந்தவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்த மனிதர் அவர். சொல்ல உரிமை உள்ளவர். அந்த வார்த்தையை நம் பிரசங்கிகள் எடுத்துக்கொண்டார்கள். இப்போது புற்றுநோயில் துடிக்கிறவள் கட்டில் அருகே நின்று, 'அம்மா, வலி கடவுள் கொடுத்த வரம், டாக்டரே எழுதியிருக்கிறார்' என்கிறார்கள்.

நியாயமாகப் பேசுவோம். இந்த வாதத்தில் பலம் இருக்கிறது. கடவுள் தரப்பில் சொல்லப்பட்ட வாதங்களில் நான் கேட்ட மிகச் சிறந்தது இதுதான். பிராண்ட் பின்னாளில் அமெரிக்காவில், லூசியானாவிலுள்ள கார்வில் ஆஸ்பத்திரியில், செயற்கை வலி ஒன்றை உண்டாக்க முயன்றார். கையுறையில் அழுத்தத்தை அளக்கும் கருவிகள். ஆபத்து வந்தால் மின்சார அதிர்ச்சி. பணமும் வருஷங்களும் செலவழிந்தன, முயற்சி தோற்றது. காரணம் கேளுங்கள்: ஏதாவது ஒரு காரியத்தை முடித்தே ஆகவேண்டும் என்று தோன்றினால் நோயாளி கருவியை நிறுத்திவிடுவான். நம் கையால் நிறுத்த முடிகிற வலி நம்மைக் காப்பாற்றாது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நெருப்பைத் தொட்ட குழந்தை அலறுகிறதே, அந்த அலறலில் ஒரு காவல் இருக்கிறது. ஒப்புக்கொள்ளுகிறேன்.

ஆனால் காவல்காரன் எதற்கு? திருடன் வரும்போது கூவுவதற்கு. திருடன் வந்து, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய், வீட்டையும் கொளுத்திவிட்ட பிறகு, சாம்பலின்மேல் நின்று ராப்பகலாய்க் கூவிக்கொண்டே இருக்கிறவனை என்ன சொல்லுவது? கடைசி மாதத்துப் புற்றுநோயின் வலி எதைப் பற்றி எச்சரிக்கிறது? மூளைக்காய்ச்சலில் வெட்டி வெட்டி இழுக்கிற ஆறு மாதக் குழந்தைக்கு அந்த வேதனை என்ன பாடம் கற்பிக்கிறது? வலி இல்லாதவனைப் பார்த்துப் பிராண்ட் சொன்னதை வலியில் கிடக்கிறவளைப் பார்த்துச் சொல்லுவது, பட்டினி கிடப்பவனிடம் அஜீரணத்தின் கெடுதலை உபதேசிப்பதாகும். அவளுக்கு அந்த நேரத்தில் கொடுக்க வேண்டியது மார்ஃபின். அதைக் கொடுக்கிறவள் ஒரு நர்ஸு. பிரசங்கியார் சற்று ஒதுங்கி நின்றால் அவளுக்கு வழி கிடைக்கும்.

மனிதனுக்குக் கடவுள் சுயாதீனம் கொடுத்தார், அதை அவன் கெடுத்துக்கொண்டான், அதனால்தான் துன்பம் என்று வேதசாஸ்திரம் படித்தவர்கள் சொல்லுவார்கள். கிருமிக்கு என்ன சுயாதீனம்? அது ஏவாளின் கனியைத் தின்றதா? ஆனால் குஷ்டரோகியின் துன்பத்தைப் பங்கு போட்டுப் பார்த்தால் இந்த வாதத்துக்கும் ஓர் இடம் உண்டு. கிருமி அவன் விரலை மரக்கச் செய்தது. அவனைக் கிணற்றடியிலிருந்து விரட்டினதும், பந்தியிலிருந்து எழுப்பினதும், அவன் தங்கைக்கு மாப்பிள்ளை வராமல் செய்ததும் கிருமி அல்ல. இன்னும் கேளுங்கள். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தை 2001-இல் திருத்தினார்கள். அப்போது, கணவனுக்கோ மனைவிக்கோ குணப்படாத கொடிய குஷ்டம் இருந்தால் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 1980-களிலிருந்தே கூட்டு மருந்தால் அடியோடு குணமாகிற வியாதிக்கு, இருபத்தோராம் நூற்றாண்டில் இந்தச் சட்டம்! சுகத்திலும் நோவிலும் பிரியமாட்டோம் என்று பீடத்தின் முன் வாக்குக் கொடுத்துக் கைபிடிக்கிறவர்களுக்கு! 2019-இல்தான் அதை நீக்கினார்கள். அந்தப் பதினெட்டு வருஷமும், 'கடவுள் ஏன் குஷ்டத்தை அனுமதித்தார்' என்று நம் வேதபாட வகுப்புகளில் விவாதித்துக்கொண்டுதான் இருந்தோம்.

என் நாத்திக நண்பர் ஒருவர் இருக்கிறார். கடவுள் நல்லவர் என்றால் சக்தியற்றவர், சக்தியுள்ளவர் என்றால் நல்லவர் அல்லர் என்று பழைய கணக்கைப் போடுவார். எனக்கு அவர்மேல் கோபமே வருவதில்லை. எலிப்பாஸைவிட அவர் யோபுவுக்குக் கிட்டத்தில் இருக்கிறார். நிரபராதி துன்பப்படுவது நியாயமில்லை என்று அவருக்குச் சுடுகிறதே, அந்தச் சூடு நம் சபைகளில் இருந்தால் போதும். கெத்செமனேத் தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம் என்னை விட்டுப் போகாதா என்று கேட்டவர் நம் ஆண்டவர். சிலுவையில் தொங்கிக்கொண்டு, ஏன் கைவிட்டீர் என்று உரக்கக் கேட்டார். அந்த 'ஏன்' என்ற கேள்விக்குப் பிதா பதில் சொன்னதாக நாலு சுவிசேஷங்களிலும் இல்லை. சொந்தக் குமாரனுக்கே கிடைக்காத விளக்கம் நம் பிரசங்கியாருக்குச் சனிக்கிழமை ராத்திரி குறிப்பு எழுதும்போது கிடைத்துவிடுகிறது! லாசருவின் கல்லறை வாசலில், இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும், இயேசு நின்று அழுதார். அழாதீர்கள், இதற்கொரு நோக்கம் இருக்கிறது என்று அந்தச் சகோதரிகளை அடக்கவில்லை. கிறிஸ்தவனுக்குக் கிடைத்திருப்பது இந்த அழுத கடவுள்தான். இதற்குமேல் ஒரு தத்துவம் வேண்டும் என்கிறவர்கள் வேறு இடத்தில் தேடிக்கொள்ளலாம்.

பால் பிராண்டின் தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலை வட்டாரத்து ஜனங்களுக்கு நரம்புச் சிலந்தியைக் குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டவர். ஜனங்கள் காலை நனைத்துக்கொண்டு இறங்குகிற கிணற்றிலிருந்துதான் அந்தப் புழு வருகிறது என்று சொல்லி, கிணறுகளைச் சுற்றிச் சுவர் கட்டுங்கள் என்று ஊர் ஊராகப் போனார். 1929-இல் மலேரியா முற்றி மலையிலேயே இறந்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பதினான்கு வயது மகனுக்குத் தந்தி போயிற்று. தந்திக்குப் பிறகும், கப்பலில் மெதுவாக வந்துகொண்டிருந்த அப்பாவின் கடிதங்கள் அவனுக்கு வந்தன. அவருடைய மனைவி ஈவ்லின், கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்று புத்தகம் ஒன்றும் எழுதவில்லை. மலைக்குத் திரும்பி வந்தாள். வயதாகிவிட்டது என்று மிஷன் சங்கம் ஓய்வு கொடுத்த பிறகும் தன் பொறுப்பிலேயே மலையேறி, மட்டக்குதிரைமேல் ஊர் ஊராக மருந்துப் பெட்டியோடு போய்க்கொண்டிருந்தாள். 1974-இல் தன் 95-ஆம் வயதில் இறந்து, கணவர் பக்கத்திலேயே அடக்கமானாள். நரம்புச் சிலந்தி நோய் இந்தியாவில் அடியோடு ஒழிந்துவிட்டது என்று 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் சான்று கொடுத்தது. அந்தப் பக்கத்தில் இப்போது அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்தால் கிழவர்களாகத்தான் இருப்பார்கள்.